கூட்டத்துக்குச் சாய்தளம், சைகைமொழி பெயர்ப்பாளர்கள், கழிப்பறை: உதவி தேவை

தோழர்களே, வணக்கம். அடுத்த மாதம் எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம் அருகே குடியிருப்பு உரிமைக் கூட்டம். மாற்றுத்திறனாளிகள் ஓரமாக உட்கார்ந்து கேட்டால் போதாது, மேடையேறிப் பேச வேண்டும்.

மேடை உயரம் ஒன்றரை அடி. 1:12 சரிவுக்கு (ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம்) 18 அடி நீளச் சாய்தளம் வேண்டும். வழக்கமாகச் சாய்த்து வைக்கும் ஆறடிப் பலகையில் ஏறினால் சக்கர நாற்காலி பின்பக்கம் கவிழக்கூடும். நாலு பேர் தூக்கி ஏற்றுவது வேண்டவே வேண்டாம், அது அவமானம். அகலம் 4 அடி, இரு ஓரமும் சக்கரம் நழுவாமல் கட்டை, மேலே வழுக்காத விரிப்பு. இடம் போதாவிட்டால் மேடையையே அரையடியாக்கிவிடலாம். 6 அடிச் சாய்தளம் போதும். இப்படிப் போட்டுத் தரும் பந்தல்காரர் யாரையாவது தெரியுமா?

சைகைமொழிக்கு இரண்டு பேர் தேவை. ஒருவரே தொடர்ந்து செய்தால் இருபது நிமிடத்திலேயே களைத்து, வாக்கியங்கள் விடுபடத் தொடங்கும். சம்பளம் உண்டு, பேச்சுக் குறிப்புகளை முன்கூட்டியே அனுப்புவோம். முகத்திலும் கையிலும் வெளிச்சம் விழும்படி மேடையில் இடம் ஒதுக்கியாயிற்று.

பெரிய சிக்கல் கழிப்பறைதான். வாடகைக்கு விசாரித்த மொபைல் டாய்லெட் எல்லாமே படி வைத்தவை. படியில்லாமல், 3 அடிக் கதவோடு யாரிடம் கிடைக்கும்? பக்கத்தில் அப்படிக் கழிப்பறை உள்ள மண்டபம் இருந்தாலும் சொல்லுங்கள். கதவை டேப் வைத்து அளந்து, போட்டோவும் போடுங்கள்.