கயத்தாறு 30 மெகாவாட் காற்றாலை: நிலம் முதலிலா, கிரிட் இணைப்பு முதலிலா?

கேள்வி: காற்று அளவீடு முடிந்தது. நிலம் முழுவதையும் வாங்கிவிட்டு கிரிட் (மின்கட்டமைப்பு) இணைப்புக்கு விண்ணப்பிக்கலாமா?

பதில் 1: வேண்டாம் சார். லோடு ஃப்ளோ ஆய்வு (உங்கள் மின்சாரத்தைக் கிரிட் லைன்கள் தாங்குமா என்ற கணக்கு) முடிவு வரும்வரை முன்பணத்தோடு நிறுத்துங்கள். துணைமின் நிலைய டிரான்ஸ்ஃபார்மரில் இடம் இருந்தாலும், அங்கிருந்து கிளம்பும் 110 கேவி லைன் ஜூலைக் காற்றில் நிரம்பியிருக்கலாம். அப்போது உற்பத்தியைக் குறைக்கச் சொல்வார்கள். காற்றாலையிலிருந்து துணைமின் நிலையத்துக்கு 33 கேவி லைன் போகும் பாதைக்கு வழியுரிமையையும் இப்போதே பேசிவிடுங்கள். ஒரே ஒரு பட்டாதாரர் மறுத்தாலும் மொத்த லைனும் நிற்கும்.

பதில் 2: விமான நிலைய ஆணையத்தின் தடையின்மைச் சான்றில் கடல்மட்டத்திலிருந்து இறக்கை நுனி வரையுள்ள உயரம்தான் கணக்கு. ஹப் (இறக்கைகள் பொருந்தும் மையம்) தரையிலிருந்து 120, இறக்கை நீளம் 70 என்றால் 190 மீட்டர். அதோடு தரையின் உயரத்தையும் கூட்டுங்கள். சான்று வந்தபின் கோபுரத்தை நகர்த்தினால் மறுபடி விண்ணப்பம்.

பதில் 3: மத்திய மின்சார ஆணைய விதிப்படி மின்னழுத்தம் வழக்கமான அளவில் 15 சதவீதத்துக்குச் சரிந்தாலும் 300 மில்லிசெகண்ட் இயந்திரம் கிரிட்டில் நிற்கவேண்டும். அந்தச் சோதனை அறிக்கையை ஆர்டர் போடும்முன் வாங்குங்கள். பவர் ஃபேக்டர் (மொத்த மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) 0.95 பார்ப்பது இணைப்புப் புள்ளியில், இயந்திரத்தில் அல்ல. நீளமான 33 கேவி கேபிள் காற்றில்லாத நேரத்தில் ரியாக்டிவ் மின்சாரத்தை (வேலை செய்யாமல் லைனில் போய்வரும் பங்கை) கிரிட்டுக்குத் தள்ளும், அதையும் கணக்கில் எடுங்கள். மின் ஆய்வாளர் அனுமதி மே மாதத்துக்குள் வராவிட்டால் அந்த ஆண்டின் காற்றே போய்விடும்.