ஜிப்ஸி கிங்: 4எல் (நான்கு சக்கரமும் இழுக்கும் லோ ரேஞ்ச்) முதல் கியரிலும் வேகம் அடங்கவில்லை. டிஃபரன்ஷியலை மாற்றவா, டிரான்ஸ்ஃபர் கேஸ் கியரையா?

கல்ரோடு
வணக்கம். வண்டி மாருதியின் 4x4 ஜீப், 1.3 லிட்டர் எம்பிஎஃப்ஐ (பெட்ரோல்) ஜிப்ஸி கிங். டயர் 205/70 ஆர்15-இலிருந்து 235/75 ஆர்15-க்கு மாறிவிட்டது. பாறை ஏற்றத்தில் கிளட்சைப் பாதி மிதித்துக்கொண்டே ஏற வேண்டியிருக்கிறது. பிளேட் கருகும் வாடை. இறக்கத்தில் இன்ஜின் பிரேக் பிடிப்பதில்லை. டிஃபரன்ஷியலில் 4.11 கிரௌன்-பினியன் (சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 4.11 சுற்று சுற்ற வேண்டிய பல்சக்கர ஜோடி) போட்டால் சரியாகுமா? ஹைவே ஓட்டமும் உண்டு.

பல்சக்கரம்
முதலில் இப்போது என்ன இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸ் விசையை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரிக்கும் பெட்டி) நியூட்ரல், முன் சக்கரங்களுக்கு அடைக்கட்டை. பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, அதை 20 சுற்று சுற்றி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் (டிஃபரன்ஷியலுக்கு வரும் நீளத் தண்டு) எத்தனை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். ஒரு சக்கரம் மட்டும் சுற்றுவதால் எண்ணை 10-ஆல் வகுத்தால் ரேஷியோ. 37-க்குச் சற்று மேல் வந்தால் 3.73, 39 என்றால் 3.91, 41 என்றால் ஏற்கெனவே 4.11தான்.

கல்ரோடு
எண்ணிவிட்டேன் சார், 39.

பல்சக்கரம்
அப்படியானால் 3.91, அதாவது 43/11 பல். 4.11-க்குப் போனால் கிடைப்பது வெறும் 5 சதவீதம். டயர் விட்டமோ 668 மி.மீ.யிலிருந்து 733-க்குப் போய்விட்டது, கிட்டத்தட்ட 10 சதவீதம். ஏறக்குறைய பாதி நஷ்டம்தான் ஈடாகும். அதற்காக முன், பின் இரண்டு டிஃபரன்ஷியலையும் பிரித்து ஷிம் (மெல்லிய தகடு) வைத்து, பேக்லாஷ் (பற்களுக்கு இடையிலான இடைவெளி) பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றவே கூடாது. நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத 4x4 இது, கெட்டித் தரையில் ஷாஃப்ட் முறுக்கேறி ஏதாவது ஒன்று உடையும்.

கணக்கைப் பாருங்கள்: முதல் கியர் 3.652 × டிரான்ஸ்ஃபர் கேஸ் லோ 2.268 × டிஃபரன்ஷியல் 3.909 = 32.4. இந்த டயரில் 1500 ஆர்பிஎம்முக்கு மணிக்கு 6.4 கி.மீ. பாறையில் அது ஓட்டம்! டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ ரேஞ்சை 2.268-இலிருந்து 4.16 ஆக்கும் கியர் செட் போட்டால் மொத்தம் 59.4; அதே 1500-இல் 3.5 கி.மீ. கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டே ஏறலாம்.

டீசல்மணி
பட்ஜெட் இடித்தால் இன்னொரு வழி இருக்கிறது ப்ரோ. பழைய 970 சிசி ஜிப்ஸியின் டிரான்ஸ்ஃபர் கேஸ்: ஹை 1.580, லோ 2.511. உங்களுடையது 1.409, 2.268. டயர் தின்ற 10 சதவீதம் அப்படியே திரும்பும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். ஸ்கிராப் கடையில் வாங்கும்போது ஃபிளேஞ்ச் (ஷாஃப்டை போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) துளைகளையும் மவுன்ட் இடங்களையும் அளந்து பார்த்து வாங்குங்கள்.

கல்ரோடு
4.16 செட் போட்டால் ஹைவேயில் இன்ஜின் கத்துமா?

பல்சக்கரம்
அந்த செட்டில் ஹை பக்க ரேஷியோவும் 12 சதவீதம் கூடும், அதாவது 1.409-இலிருந்து 1.58. ஐந்தாவது கியரில் 80 கி.மீ.க்கு இப்போது சுமார் 2530 ஆர்பிஎம், இனி 2840. கம்பெனி டயரில் 2780 இருந்திருக்கும். பழைய நிலைமைதான், கவலை வேண்டாம். லோவில் புது இரண்டாவது கியர் ஏறக்குறைய உங்கள் பழைய முதல் கியர். பாதிப் பாதையை அதிலேயே ஓட்டலாம்.

மாட்டும்போது: ஃபிளேஞ்சுகளில் பெயின்ட் குறி வைத்து மூன்று ஷாஃப்டையும் கழற்றுங்கள். ஸ்பீடோ கேபிள், 4x4 சுவிட்ச் வயர், லீவர், பிறகு மவுன்ட். கேஸைத் திறந்த பிறகு பேரிங்கையும் சீலையும் பழையதாகவே விட்டுவிடாதீர்கள். சில செட்டில் பெரிய கவுன்டர் கியர் கேஸின் உள்சுவரில் உரசும். மூடுவதற்கு முன் கையால் சுற்றிப் பாருங்கள், உரசினால் அந்த இடத்தைக் கிரைண்ட் செய்து தூள் இல்லாமல் கழுவுங்கள். ஆயில் சுமார் 0.8 லிட்டர், ஃபில்லர் துளையில் வழிகிற அளவு.

ஆக்ஸில்ராஜா
மவுன்டை யாரும் சொல்லவில்லையே! ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் மூன்று ரப்பர் மவுன்டில் தனியாகத் தொங்குகிறது. 4.16-இல் முறுக்குவிசை 83 சதவீதம் கூடும். ரப்பர் கிழிந்தால் கேஸ் உருளும், லீவர் தரைத் துளையின் விளிம்பில் முட்டும், இறக்கத்தில் 4எல் தானாகக் கழன்றுவிடும். பலர் கியர் செட்டைத் திட்டுவார்கள், குற்றவாளி ரப்பர். பிரேக்கை முழுசாக மிதித்து, 4எல் முதல் கியரில் கிளட்சை லேசாக விடுங்கள். ஒருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று கேஸைக் கவனிக்கட்டும். கண்ணுக்குத் தெரிகிற அளவு உருண்டால் மவுன்ட் மாற்றுங்கள். கேஸைச் சுற்றிப் பிடிக்கும் இரும்புத் தொட்டில் வகை மவுன்ட் இன்னும் நல்லது.

அடுத்தது முன் ஆக்ஸில். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் வெளி ஜாயின்ட் சிதறும். அதற்குப் பயந்து ஹப்பை ஃப்ரீயில் விட்டு (முன் சக்கரங்களை ஆக்ஸிலிலிருந்து பிரித்து) 4எல் போடுபவர்களும் உண்டு. மொத்த விசையும் பின் ஆக்ஸில் தலையில்.

கல்ரோடு
மவுன்ட் பார்த்தேன், பின்பக்க ரப்பர் விரிசல் விட்டிருக்கிறது. அதை முதலில் மாற்றிவிட்டு 4.16 ஆர்டர் போடுகிறேன். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது ஜிபிஎஸ் 88 காட்டுகிறது. கியர் மாற்றினால் இதுவும் சரியாகுமா?

பல்சக்கரம்
ஆகாது. கேபிள் எடுப்பது டிரான்ஸ்ஃபர் கேஸின் அவுட்புட் பக்கம்; உள்ளே ரேஷியோ மாறினாலும் அதற்குத் தெரியாது. டயர் செய்த பிழை அது. ஸ்பீடோ பினியனில் பல் எண்ணிக்கை மாற்றினால்தான் தீரும்.