மினி 2 ட்ரோனுக்கு வேறு கம்பெனி பேட்டரி: நீலகிரிக் குளிரில் நம்பலாமா?

கேத்தி தோட்டம்:
வணக்கம். டிஜேஐ மினி 2 வைத்திருக்கிறேன். ஒரிஜினல் பேட்டரி இரண்டில் ஒன்று உப்பிவிட்டது. உறைபனியில் தேயிலை எந்தப் பக்கம் கருகியிருக்கிறது என்று பார்க்கத்தான் பறக்கவிடுகிறேன். அப்பாவால் முன்போல் சரிவு முழுக்க ஏறி இறங்க முடியவில்லை. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்தபிறகு ஒரிஜினல் பேட்டரி தேடுவதே பெரும்பாடு. ஆன்லைனில் வேறு கம்பெனி பேட்டரி பாதி விலைக்கு வருகிறது, கொள்ளளவு 2600 எம்ஏஎச் என்று போட்டிருக்கிறார்கள். விடிகாலையில் இங்கே 2, 3 டிகிரிதான். வாங்கலாமா?

மேட்டுப்பாளையம் வாசி:
தாராளமாக வாங்குங்க. ஒரு வருஷமா இந்த மாதிரி பேட்டரிதான் போட்டு ஓட்டுறேன், ஒரு குறையும் இல்லை.

குன்னூர் சர்வீஸ்:
அண்ணன் சொல்வது அவர் ஊருக்குச் சரி. மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம், வெயில் பூமி. கேத்தி கிட்டத்தட்ட 2,000 மீட்டர். இங்கே காற்று ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு லேசு. அதே எடையைத் தூக்க விசிறி இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், பேட்டரியிலிருந்து அதிக கரண்ட் இழுக்கும். குளிரில் செல்லின் உள்தடையும், அதாவது கரண்ட் வெளியே வரவிடாமல் தடுக்கும் தன்மையும், கூடிவிடும். இரண்டும் சேர்ந்தால் வோல்டேஜ் சட்டென்று விழும். திரையில் 40 சதவீதம் காட்டும்போதே ட்ரோன் தானாக இறங்கத் தொடங்கலாம். அந்தச் சதவீதம் பேட்டரிக்குள் இருக்கும் சிப் போடுகிற கணக்கு. மலிவு பேட்டரியில் நான் நம்பாதது அந்தக் கணக்கைத்தான்.

வாங்குமுன் லேபிளைப் பாருங்கள். ஒரிஜினல் 2250 எம்ஏஎச், 7.7 வோல்ட், சார்ஜ் உச்சம் 8.8 வோல்ட். உள்ளே இரண்டு செல், அதாவது ஒரு செல்லுக்கு 4.4. சாதாரண லிப்போ (லித்தியம் பாலிமர்) செல் 4.2 வரைதான் தாங்கும். லேபிளில் 7.4 வோல்ட் என்று இருந்தால் அது சாதாரண செல், தொடவே வேண்டாம். எடையும் முக்கியம். ஒரிஜினல் 86.2 கிராம், அதோடு சேர்த்துத்தான் ட்ரோன் 249 கிராமுக்குள் நிற்கிறது. புதுசு கனமாக இருந்தால் 2021 ட்ரோன் விதிகளில் மிக லேசான வகையான நானோவின் வரம்பு 250 கிராமைத் தாண்டிவிடலாம். எடை கூடவே இல்லை என்றால் அந்த 2600 எங்கிருந்து வந்தது?

கேத்தி தோட்டம்:
ரொம்ப நன்றிங்க அண்ணா. கடையில் பெட்டி பிரிக்காத பழைய ஒரிஜினல் கிடைத்தால் அது மேலா?

குன்னூர் சர்வீஸ்:
எத்தனை வருஷம் அலமாரியில் கிடந்தது என்று கேளுங்கள் தம்பி. சார்ஜ் இறங்கியே கிடந்த லித்தியம் பேட்டரி புதுசானாலும் பலமிழந்திருக்கும்.

எதை வாங்கினாலும் முதலில் புல்வெளியில் 2 மீட்டர் உயரத்தில் நிறுத்தி, ஆப்பில் பேட்டரி விவரத்தைத் திறந்து இரண்டு செல் வோல்டேஜையும் பாருங்கள். வித்தியாசம் 0.1 வோல்ட்டைத் தாண்டினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். தாண்டாவிட்டாலும் பள்ளத்தாக்கின் மேல் அனுப்ப வேண்டாம், கண்ணெதிரே தோட்டத்துக்குள் போதும். பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். இன்னொன்று, விடிகாலையில் பறக்கவிட வேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லை. கருகல் வெயில் ஏறிய பிறகுதான் நன்றாகத் தெரியும். 10 மணிக்கு மேல் போங்கள்.

அப்புறம், அந்த உப்பிய பேட்டரியை இனி சார்ஜில் போடாதீர்கள், குத்தாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். மணல் போட்ட தகர டப்பாவில் வீட்டுக்கு வெளியே வையுங்கள். கோவை போகும்போது மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடலாம்.