"கொஞ்சம் இருங்க" என்பதை ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொல்வது எப்படி?

தென்றல்:
போனிலோ மீட்டிங்கிலோ ஒருவரைக் காத்திருக்கச் சொல்ல "ப்ளீஸ் வெயிட்" தவிர வேறெதுவும் சட்டென்று வாயில் வருவதில்லை. அது மரியாதைக் குறைவா? "ஹோல்ட் ஆன்", "பேர் வித் மீ" எல்லாம் ஒன்றுதானா, இடத்துக்கு இடம் மாறுமா?

சொல்லேர்:
"ப்ளீஸ் வெயிட்" தப்பில்லை. ஆனால் அது அறிவிப்புப் பலகையின் மொழி, இயந்திரக் குரலின் மொழி. எதிரில் இருப்பவரிடம் சொன்னால் உத்தரவு போல விழும். நம் "இருங்க"வில் வால் போல ஒட்டியிருக்கும் "ங்க" மரியாதை முழுவதையும் சுமந்துவிடுகிறது. ஆங்கில வினைச்சொல்லுக்கு அந்த வால் கிடையாது. "ப்ளீஸ்" போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். போட்டாலும் ஏவல் ஏவல்தான்.

அதனால் ஒன்று, கேள்வியாகக் கேளுங்கள்: "குட் யூ கிவ் மீ எ மினிட்?" அல்லது வினைச்சொல்லையே விட்டுவிட்டு நேரத்தை மட்டும் சொல்லுங்கள்: "ஒன் மொமென்ட், ப்ளீஸ்", "ஜஸ்ட் எ செகண்ட்". இவை இரண்டையும்விட இயல்பானது, நீங்கள் செய்யப்போவதைச் சொல்வது: "லெட் மீ செக் தட் ஃபார் யூ." இதில் "வெயிட்" எங்குமே இல்லை, ஆனால் கேட்பவர் காத்திருப்பார். "இதோ பாத்துச் சொல்றேன்" என்று தமிழில் நாம் தினமும் செய்வதுதான் இது.

நீங்கள் கேட்ட இரண்டும் ஒன்றல்ல. "ஹோல்ட் ஆன்", "ஹேங் ஆன்" இரண்டும் நண்பர்களிடமும் கூட வேலை பார்ப்பவர்களிடமும் சரி. முன்பின் தெரியாத வாடிக்கையாளரிடம் வேண்டாம். "ஹோல்ட் ஆன்" என்பதை அழுத்தி, குரலை இறக்கி முடித்தால் "நிறுத்து" என்று கேட்கும். "வெயிட் எ மினிட்" இன்னும் ஆபத்து: மீட்டிங்கில் அது பெரும்பாலும் "அதெப்படி?" என்ற மறுப்பாகத்தான் ஒலிக்கும்.

"பேர் வித் மீ" என்பதற்கு "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று பொருள். அவர் பார்த்துக்கொண்டோ கேட்டுக்கொண்டோ இருக்க, நீங்கள் ஏதோ ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்துக்கு அது கச்சிதம். ஸ்கிரீன் ஷேர் செய்யும்போது ஃபைல் திறக்கத் தாமதமானால், "பேர் வித் மீ, இட்ஸ் ஸ்டில் லோடிங்." எழுதும்போது மட்டும் கவனம்: கரடிக்கு எழுதும் அதே பி, ஈ, ஏ, ஆர். கடைசி எழுத்தாக ஈ வந்துவிட்டால் "என்னோடு ஆடையைக் களையுங்கள்" என்று படிக்க இடமுண்டு.

மறுமுனை:
மேலே சொன்னதோடு போன் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே தவறுவது சொல்லில் அல்ல, வரிசையில். முதலில் காரணம், பிறகு அனுமதி, பிறகு எவ்வளவு நேரம்: "ஐ நீட் டு செக் வித் பில்லிங். மே ஐ புட் யூ ஆன் ஹோல்ட் ஃபார் டூ மினிட்ஸ்?" அவர் பதில் சொல்லும்வரை பட்டனில் கை போகக் கூடாது. பலர் கேள்வியை முடிக்கும் முன்பே ஹோல்டில் போட்டுவிடுகிறார்கள்; அப்போது கேட்ட அனுமதிக்கு அர்த்தமே இல்லை. இரண்டு நிமிடம் என்று சொல்லிவிட்டு வேலை முடியவில்லையென்றால், இரண்டாவது நிமிடத்தில் திரும்பி வந்து இன்னும் எவ்வளவு ஆகும் என்று சொல்லுங்கள்.

எதிரில் ஆள் நிற்க, உங்கள் கையில் வேறு வேலை இருந்தால் "ஐல் பி ரைட் வித் யூ" போதும். கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "ஹோல்ட் யுவர் ஹார்சஸ்" பக்கமே போகாதீர்கள், அது "என்ன அவசரம்?" என்று அதட்டுவது.

இலக்கணப்பித்து:
இரண்டு பொறிகளை யாரும் சொல்லவில்லை.

"வுட் யூ மைண்ட் வெயிட்டிங்?" என்றால் நேர்ப்பொருள் "காத்திருப்பதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" சம்மதம் என்றால் பதில் "நோ, நாட் அட் ஆல்". நம்மவர் பழக்கத்தில் "யெஸ்" என்பார்கள். "மைண்ட்" வந்த பிறகு "டு வெயிட்" வராது, "வெயிட்டிங்" மட்டுமே.

அடுத்தது ஈமெயில். "ப்ளீஸ் வெயிட் அன்டில் தர்ஸ்டே" என்றால் அவருக்கு உத்தரவு. "ஐல் கெட் பேக் டு யூ பை தர்ஸ்டே" என்றால் உங்கள் வாக்குறுதி. "வரைக்கும்" என்று தமிழில் வந்தால் "அன்டில்", "க்குள்" என்று வந்தால் "பை". இதை மாற்றிப் போட்டு "ஐல் ரிப்ளை அன்டில் தர்ஸ்டே" என்று எழுதினால், வியாழன்வரை ஓயாமல் பதில் எழுதிக்கொண்டே இருப்பேன் என்றாகிவிடும்.

தென்றல்:
மிக்க நன்றி. ஹோல்டிலிருந்து திரும்பும்போது "சாரி" சொல்வதா, "தேங்க்ஸ்" சொல்வதா?

மறுமுனை:
சொன்ன நேரத்துக்குள் வந்தால் "தேங்க்ஸ் ஃபார் ஹோல்டிங்". தாண்டிவிட்டால் "சாரி டு கீப் யூ வெயிட்டிங்". சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்குப் போங்கள். அவர் காத்திருந்தது அதற்காகத்தான்.