டபிள் கப் கபினுக்குள்ள கூலன்ற் மணம்: டாஷ்போட் கழட்ட முதல் என்ன பாக்கலாம்?

முரசுமோட்டை_நெல்:
வணக்கம். டீசல் டபிள் கப் பிக்கப் ஒண்டு. ஓடி நிப்பாட்டிப்போட்டுக் கொஞ்ச நேரத்தால திரும்ப ஏறினா, பாணி காய்ச்சிற மாதிரி இனிப்பு மணம் அடிக்குது. முன் கண்ணாடி உள்பக்கம் மங்கலாக் கிடக்கு, துடைச்சா எண்ணெய் மாதிரி இழுபடுது. ரிசேவ் ராங்கில கூலன்ற் (எஞ்சினை ஆத்திற தண்ணி) கிழமைக்குக் கிழமை குறையுது, ஆனா நிக்கிற இடத்தில நிலம் ஈரமில்லை. வெப்ப ஊசி நடுவை விட்டு ஏறேல்லை. இவ்வளவு நாளும் குறைஞ்சதுக்குக் கிணத்துத் தண்ணிதான் விட்டது. கராச்சில டாஷ்போட்டை முழுக்கக் கழட்ட வேணும் எண்டினம். அதுக்கு முதல் என்ன பாக்கலாம்?

மாங்குளம்_ஸ்பனர்:
டாஷ்போட்டில கை வைக்க விடாதேங்கோ. முதல்ல உங்கட வாகனத்தில ஹீற்றர் இருக்கோ எண்டு பாருங்கோ. எங்கட பக்கம் ஓடுற சில பிக்கப்புகளுக்கு ஏசி மட்டும்தான். பொனற்றைத் திறந்தா எஞ்சினுக்குப் பின்னால, கபின் தகட்டுக்குள்ள போற இரண்டு றப்பர் ஹோஸ் சோடியா நிக்க வேணும். ஏசியின்ர மெல்லிய அலுமினியப் பைப்புகளோட இதைக் குழப்பாதேங்கோ. அந்தச் சோடி இல்லையெண்டா கூலன்ற் கபினுக்குள்ள வரவே வழியில்லை, மணம் வெளியிலயிருந்து காத்தோட வருது.

சோடி இருந்தா எஞ்சின் சூட்டோட இதைச் செய்யுங்கோ. கண்ணாடிகளை மூடி, வெப்பக் கைபிடியைச் சிவப்புப் பக்கம் முழுக்கத் திருப்பி, புளோவரை ஒண்டில விட்டு, காத்து பட்டனை உள்சுற்றுக்கு (கபின் காத்தையே திரும்பச் சுத்துறது) மாத்துங்கோ. மணம் கூடினா ஹீற்றர் கோரில, அதாவது சூட்டுத் தண்ணி ஓடி கபின் காத்தைச் சூடாக்கிற சின்ன றேடியேற்றரில, சந்தேகம். உள்சுற்றில மணம் இல்லாமப் போய், வெளிக்காத்துக்கு மாத்தினவுடன வந்தா, ஒழுக்கு பொனற்றுக்குக் கீழ. வெளிக்காத்து எடுக்கிற வாய் முன் கண்ணாடியின்ர அடியில, எஞ்சினுக்குப் பக்கத்திலதான் கிடக்கு.

கண்ணாடியில எண்ணெய் மாதிரிப் படியிறது கூலன்ற்றில இருக்கிற கிளைக்கோலின்ர ஆவி. வெறும் ஈரமெண்டா துடைச்சவுடன காயும், இது இழுபடும். இடப்பக்கச் சீற்றுக்கு முன்னால, நடு மேட்டோட ஒட்டின காப்பற்றைத் தூக்கி அடிப் பஞ்சை விரலால அமத்திப் பாருங்கோ. ஏசி வடிகுழாய் அடைச்சாலும் அந்த இடம் நனையும், ஆனா அது மணமில்லாத தண்ணி. கூலன்ற் வழுக்கும், மணக்கும். நாக்கில வைச்சுப் பாக்கக் கூடாது, அது நஞ்சு.

பரந்தன்_டீசல்:
மேல சொன்னதோட அமுக்கச் சோதனையையும் செய்விச்சா சந்தேகம் மிஞ்சாது. எஞ்சின் நல்லா ஆறின பிறகு றேடியேற்றர் மூடியைக் கழட்டி, கைப் பம்பைப் பூட்டி, மூடியில அடிச்சிருக்கிற அளவுக்கு மட்டும் ஏத்துங்கோ. 0.9 பார் எண்டா ஏறக்குறைய 13 பிஎஸ்ஐ, 1.1 எண்டா 16. அதுக்கு மேல ஏத்தினா நல்லா இருந்த பிளாஸ்ரிக் ராங்கும் வெடிக்கலாம். கால் மணித்தியாலம் விட்டுப் பாருங்கோ. பம்பின்ர அமுக்க ஊசி இறங்கினா றேடியேற்றரின்ர பிளாஸ்ரிக்கும் அலுமினியமும் சேருற மடிப்பு, வோட்டர் பம்பின்ர சின்னத் துளை, ஹோஸ் கிளிப்புகள் எல்லாத்துக்கும் லைற் அடிச்சுப் பாருங்கோ. சூட்டில ஒழுகினது அங்கேயே காய்ஞ்சு வெள்ளையாவோ பச்சையாவோ பொருக்குக் கட்டியிருக்கும். நிலம் நனையாததுக்குக் காரணமும் அதுதான்.

அங்க ஈரமோ பொருக்கோ இல்லையெண்டா காப்பற்றையும், வாகனத்துக்குக் கீழ ஏசி வடிகுழாயின்ர நுனியையும் பாருங்கோ. கனக்க வாகனங்களில ஹீற்றர் கோரும் ஏசி கொயிலும் ஒரே பெட்டிக்குள்ள இருக்கிறதால, நிறத் தண்ணி அந்தக் குழாயாலயும் சொட்டும். எங்கயும் ஈரமில்லாம ஊசி இறங்கினா எஞ்சின் ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில கிடக்கிற ஹெட் காஸ்கற்றைப் பாக்க வேணும். மூடியின்ர றப்பர் வெடிச்சிருந்தா அதையும் மாத்துங்கோ.

முரசுமோட்டை_நெல்:
நன்றி அண்ணை. ஹோஸ் சோடி இருக்கு. உள்சுற்றிலயும் மணம் நிக்கேல்லை, காப்பற்றுக்கு அடியில வழுவழுப்பு. அறுவடை முடியுமட்டும் வாகனம் நிக்கேலாது. அடைக்கிற மருந்து ஊத்தலாமோ?

மாங்குளம்_ஸ்பனர்:
ஊத்தாதேங்கோ. ஹீற்றர் கோரின்ர குழாய்கள் மெல்லிசு, அந்த மருந்து அதுகளை அடைச்சு, பிறகு றேடியேற்றரிலயும் படியும். கோரைத் தண்ணி ஓடுற வழியிலயிருந்து விலத்திவிட்டு ஓடலாம். எஞ்சின் ஆறினாப் பிறகு இரண்டு ஹோஸையும் கபின் தகட்டடியில கழட்டுங்கோ. இறுகி நிண்டா முறுக்கக் கூடாது, உள்ளுக்க கோரின்ர கழுத்து கிழியும். பிளேட்டால ஹோஸை நீட்டுக்குக் கீறி உரியுங்கோ. பிறகு கழட்டின இரண்டு நுனியையும் ஒரு இரும்புத் துண்டுப் பைப்பால தொடுத்து, இரண்டு பக்கமும் கிளிப் இறுக்குங்கோ. கனக்க வாகனங்களுக்கு உள்விட்டம் 16 மில்லிமீற்றர், உங்கடதை அளந்து வாங்குங்கோ. தோட்டத்து ஹோஸ் இந்தச் சூட்டுக்கு நிக்காது. நுனிகளைத் தனித்தனியா அடைக்காதேங்கோ. சில எஞ்சினில தேமோஸ்ரற் (சூடானாத் திறந்து தண்ணியை றேடியேற்றருக்கு விடுற வால்வு) திறக்க முதல் தண்ணி சுத்துறதே இந்த வழியாலதான். கபின் பக்கத்தில மிஞ்சிற இரண்டு குழாய் வாயையும் மூடிவிடுங்கோ, இல்லாட்டி உள்ள நிக்கிற மிச்சம் காப்பற்றுக்குத்தான் வரும். மார்கழிப் பனியில கண்ணாடி மங்கினா ஏசியைப் போட்டாச் சரி.

பரந்தன்_டீசல்:
கோர் ஏன் ஓட்டையானது எண்டு பாக்காமப் புதுசு போட்டா அதுவும் போகும். எங்கட கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு கூட. கொதிக்கிற கேத்திலுக்குள்ள படியிறது எஞ்சினுக்குள்ளயும் படியும், துருவைத் தடுக்கிற மருந்தும் அதில இல்லை. ஹீற்றர் போடாத ஊரில கோருக்குள்ள தண்ணி தேங்கி நிக்கிறது இன்னும் மோசம். பழசை வடிச்சு, நிறமில்லாமல் வருமட்டும் அலசி, கூலன்ற்றும் பற்றரிக்கு விடுற வடிதண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து விடுங்கோ. கலந்தே வாற கூலன்ற் எண்டா தண்ணி சேர்க்கக் கூடாது. பச்சையையும் சிவப்பையும் கலக்க வேண்டாம்.

இன்னொண்டு, வோல்ற் மீற்றரின்ர கறுப்பு வயரைப் பற்றரி நெகற்றிவ்வில வைச்சு, சிவப்பு நுனியை றேடியேற்றர் தண்ணிக்குள்ள விடுங்கோ, தகட்டில முட்டக் கூடாது. எஞ்சினும் லைற்றுகளும் ஓடேக்க 0.3 வோல்ற்றுக்கு மேல காட்டினா ஏர்த் சரியில்லை. வாகனம் வாங்கினாப் பிறகு பூட்டின ஸ்பொட் லைற், இன்வேட்டர் வயர்களைத்தான் முதல்ல பாருங்கோ. அந்த மின்சாரம் அலுமினியத்தை உள்ளால அரிக்கும்.

நிரப்பேக்க முன்பக்கம் மேடா நிக்க விடுங்கோ. மூடி திறந்தபடி ஐடிலில ஓடவிட்டு, மேல் ஹோஸை இடைக்கிட அமத்தினா காத்து வெளியேறும். காப்பற் பஞ்சைக் கழட்டிச் சவர்க்காரத் தண்ணியில கழுவி வெயிலில காய விடுங்கோ, இல்லாட்டி ஒழுக்கு நிண்ட பிறகும் மணம் நிக்காது. வடிச்ச பழைய கூலன்ற்றை முத்தத்தில ஊத்தாதேங்கோ. இனிப்பா இருக்கிறதால நாய் நக்கும், நக்கினாச் சாகும்.