போஸ்ட்கிரெஸ் பேட்ச்: பிழைச்செய்தியில் டேபிள் பெயர் வரவேண்டிய இடத்தில் குப்பை எழுத்துகள்

கேள்வி

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மென்பொருளின் மாஸ்டர் கிளையில் (அடுத்த பதிப்புக்கான வளர்ச்சிக் கிளை) ஒரு சின்னத் திருத்தம் செய்துகொண்டிருக்கிறேன். டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளை தோற்கும்போது, எந்தப் பார்ட்டிஷனால் (டேபிளின் ஒரு பகுதி) தோற்றது என்ற பெயரையும் பிழைச்செய்தியில் சேர்ப்பதுதான் வேலை. பத்து வரிகூட இல்லை. டேபிள்_ஓப்பன் செய்து பார்ட்டிஷனைத் திறக்கிறேன். ரிலேஷன்கெட்ரிலேஷன்நேம் தரும் பெயரை ஒரு கேர் பாயிண்டரில் வைத்துக்கொள்கிறேன். டேபிள்_க்ளோஸ் செய்கிறேன். அதன்பின் அந்தப் பாயிண்டரை, செய்தி அனுப்பும் இ-ரிப்போர்ட்டுக்கு எர்ரர் நிலையில் கொடுக்கிறேன்.

எனேபிள்-டிபக், எனேபிள்-சிஅசெர்ட் இரண்டும் போட்டுக் கட்டிய பில்டில் மேக் செக் சோதனைத் தொகுப்பு முழுவதும் தேறுகிறது. டிபக்_டிஸ்கார்டு_கேஷஸ் மதிப்பை 1 ஆக்கியும் தேறுகிறது. ஆனால் ரெல்கேஷ்_ஃபோர்ஸ்_ரிலீஸ் என்ற மேக்ரோவோடு கட்டினால் நான் சேர்த்த சோதனை மட்டும் விழுகிறது. எதிர்பார்த்த வெளியீட்டிலிருந்து மாறிய வரிகளைக் காட்டும் ரெக்ரஷன்.டிஃப்ஸ் கோப்பில் பார்ட்டிஷன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள். ஹெக்ஸில் பார்த்தால் எல்லாமே 7எஃப், 64 பைட்டுக்கும் மேல் நீளுகிறது.

எங்கே தவறு? சரிசெய்தபின் இது 16, 17 போன்ற பழைய கிளைகளுக்கும் போகுமா?

பதில் 1

7எஃப் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிட்டது. சி-அசெர்ட் போட்டுக் கட்டும்போது க்ளாபர்_ஃப்ரீட்_மெமரி தானாகவே இயங்கும். பிஃப்ரீ ஆன (விடுவிக்கப்பட்ட) ஒவ்வொரு மெமரித் துண்டையும் 7எஃப் பைட்டால் நிரப்பிவிடும். ஆக, விடுவித்த மெமரியை நீங்கள் படிக்கிறீர்கள். இதே எண் பாயிண்டர் இருக்கவேண்டிய இடத்தில் வந்திருந்தால், அதைப் பின்தொடர்ந்த உடனே சிக்னல் 11 வந்து பேக்கெண்ட் (உங்கள் இணைப்பைக் கவனிக்கும் சர்வர் ப்ராசஸ்) விழுந்திருக்கும். உங்களுக்கு வந்தது எழுத்துகள் என்பதால் குப்பையோடு நின்றது.

64 பைட்டைத் தாண்டுவதற்கும் காரணம் உண்டு. டேபிள் பெயர் நேம்டேட்டா வகை, அளவு 64 பைட். பெயர் அதிகபட்சம் 63, கடைசியில் ஒரு பூஜ்யம். துடைக்கும்போது அந்தப் பூஜ்யமும் 7எஃப் ஆகிவிடுகிறது. சரத்துக்கு முடிவு இல்லாமல் போவதால், அடுத்து எங்கே பூஜ்யம் கிடைக்கிறதோ அதுவரை அச்சாகும்.

ரிலேஷன்கெட்ரிலேஷன்நேம் எந்த நகலும் எடுப்பதில்லை. அது வெறும் மேக்ரோ. ரெல்கேஷ் (டேபிள் விவரங்களை நினைவில் வைத்திருக்கும் கேஷ்) பதிவின் ஆர்டி_ரெல் என்ற கட்டமைப்புக்குள் இருக்கும் பெயரின் முகவரியை அப்படியே தருகிறது. டேபிள் திறந்திருக்கும்வரை ரெஃபரன்ஸ் கவுண்ட் (அந்தப் பதிவை எத்தனை இடங்கள் பிடித்திருக்கின்றன என்ற எண்ணிக்கை) பூஜ்யமாகாது, அதுவரை அந்த முகவரிக்கு உத்தரவாதம் உண்டு. டேபிள்_க்ளோஸ் ஆனபின் உத்தரவாதம் இல்லை. ரெல்கேஷ்_ஃபோர்ஸ்_ரிலீஸ் மேக்ரோ இருந்தால், கவுண்ட் பூஜ்யமான கணமே பதிவு தூக்கி எறியப்படும்.

திருத்தம் மிக எளிது: அந்த டேபிள்_க்ளோஸ் வரியை எடுத்துவிடுங்கள்.

மற்ற சி நிரல்களில் பழகிய கை, பிழை சொல்லித் திரும்புவதற்கு முன் எல்லாவற்றையும் மூடத்தான் பார்க்கும். நல்ல பழக்கம்தான், ஆனால் இங்கே அது வேண்டாத வேலை. எர்ரர் நிலையில் இ-ரிப்போர்ட் அழைத்தால் கட்டுப்பாடு திரும்பி வராது. லாங்ஜம்ப் செய்து வெளியே போய்விடும், டிரான்சாக்ஷன் அபார்ட் ஆகும், அப்போது ரிசோர்ஸ் ஓனர் திறந்திருக்கும் ரிலேஷன்களையும் லாக்குகளையும் விடுவிக்கும். பேலாக் மூலம் ஒதுக்கிய மெமரியும் அதன் மெமரி கான்டெக்ஸ்டோடு (ஒரேயடியாக விடுவிக்கப்படும் மெமரித் தொகுதி) போய்விடும். ஆகவே எர்ரருக்கு முன் எதையும் கையால் மூடவேண்டாம். மூடினால் இப்படித்தான், செய்திக்குத் தேவையான பொருளையே முதலில் இழந்துவிடுகிறோம்.

வெற்றிகரமாக முடியும் பாதையில் மட்டும் டேபிள்_க்ளோஸ் கண்டிப்பாக வேண்டும். இல்லையென்றால் கமிட் நேரத்தில் ரிலேஷன் மூடப்படவில்லை என்று எச்சரிக்கை வரும். நோட்டீஸ், வார்னிங் நிலைகளிலும் அப்படியே. அவை திரும்பி வரும், அதனால் முதலில் செய்தியை அனுப்பிவிட்டுப் பிறகு மூடுங்கள்.

பதில் 2

மேலே சொன்னது சரி. இதே சிக்கல் பெரிய நிரலில் வந்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, விடுவித்தது யார் என்று ஜிடிபி என்ற டிபக்கரிடம் கேட்கலாம். செய்முறை இதோ.

முதலில் தனி பில்ட் அடைவு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மூல அடைவுக்குள் கட்டாமல், வெளியே ஒரு காலி அடைவிலிருந்து கான்ஃபிகரை ஓட்டுங்கள். எனேபிள்-டிபக், எனேபிள்-சிஅசெர்ட், எனேபிள்-டிபெண்ட் மூன்றும் கொடுங்கள். கடைசியானதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லையென்றால் ஒரு ஹெட்டர் கோப்பை மாற்றியபின் மேக் எல்லாக் கோப்புகளையும் மறுபடி கம்பைல் செய்யாது, இரண்டு கோப்புகள் ஒரே ஸ்ட்ரக்டை இரண்டு விதமாகப் புரிந்துகொண்டு, இல்லாத பிழையைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள். சிஃப்ளாக்ஸில் ஓ-0 போடுங்கள். ஓஜி போட்டால் சில சமயம் மாறிகள் ஆப்டிமைஸ்ட் அவுட் என்று வந்து கழுத்தறுக்கும். மேக்ரோக்களை சிபிபிஃப்ளாக்ஸில் கொடுங்கள்: ரெல்கேஷ்_ஃபோர்ஸ்_ரிலீஸோடு கேட்கேஷ்_ஃபோர்ஸ்_ரிலீஸையும் சேர்த்தே போடலாம். மெசான் பயன்படுத்தினால் சி_ஆர்க்ஸ் வழியாக.

சர்வரைத் துவக்கி, பிஎஸ்க்யூஎல்லில் பிஜி_பேக்கெண்ட்_பிஐடி கேட்டு, அந்த எண்ணோடு ஜிடிபியை இணையுங்கள். சிக்யூஎஸ்ஆர்1 சிக்னலுக்கு நிற்கவேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பேக்கெண்டுகள் அதை அடிக்கடி அனுப்பிக்கொள்ளும். பெயரை எடுக்கும் வரியில் ஒரு பிரேக்பாயிண்ட். அங்கே நின்றதும் அடுத்த வரிக்கு நகர்ந்து, அந்தப் பாயிண்டர் காட்டும் முதல் பைட்டின்மேல் வாட்ச் (மதிப்பு மாறினால் நிரலை நிறுத்தும் கண்காணிப்பு) போடுங்கள். மைனஸ் எல் கொடுத்துப் போடவேண்டும். அப்போதுதான் ஃபங்ஷன் முடிந்தாலும் வாட்ச் அந்த முகவரியிலேயே நிற்கும். கன்டினியூ செய்தால் பைட் மாறும் கணத்தில் மெம்செட்டில் நிற்கும். பேக்ட்ரேஸ் எடுங்கள். மேலே பிஃப்ரீ, அதற்குக் கீழே ரிலேஷன்டெஸ்ட்ராய்ரிலேஷன், இன்னும் கீழே போனால் உங்கள் டேபிள்_க்ளோஸ் வரி எண்ணோடு இருக்கும். குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கிவிடும்.

செய்தி எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத நிலையில் எர்ஃபினிஷ் ஃபங்ஷனில் பிரேக்பாயிண்ட் வையுங்கள். எல்லா இ-ரிப்போர்ட்டும் அந்த வாசல் வழியாகத்தான் போகும்.

பேக்கெண்ட் விழும் வகைப் பிழை என்றால், சர்வரைத் துவக்கும் ஷெல்லில் யூலிமிட் சி அளவை அன்லிமிட்டெட் ஆக்கிவிட்டு பிஜி_சிடிஎல்லை மைனஸ் சி கொடுத்துத் துவக்குங்கள், கோர் கோப்பு கிடைக்கும்.

கேள்வி கேட்டவர்

வாட்ச் போட்டுப் பார்த்தேன், டேபிள்_க்ளோஸ் வரியிலேயே நின்றது. நன்றி. ஒன்று மட்டும் புரியவில்லை. டிபக்_டிஸ்கார்டு_கேஷஸ் 1 என்றால் எல்லா கேஷையும் வீசிவிடும் என்றுதான் படித்தேன். அது ஏன் பிடிக்கவில்லை? சாதாரண பில்டில் சரியான பெயரே வருகிறதே, அப்படியானால் இது நிஜமான பிழையா, சோதனைக் கட்டமைப்பின் கெடுபிடியா?

பதில் 1

இரண்டும் வேறு வேறு கணங்களைச் சோதிக்கின்றன.

டேபிள்_க்ளோஸ் செய்தவுடன் ரெல்கேஷ் பதிவு சாதாரணமாக அழியாது. கவுண்ட் பூஜ்யத்தில் அப்படியே கேஷில் கிடக்கும், அடுத்து யாராவது திறந்தால் மறுபடி பயன்படும். கேஷில் உள்ளது பழையதாகிவிட்டது என்ற இன்வாலிடேஷன் செய்தி வந்து, அதை நம் பேக்கெண்ட் கவனிக்கும்போதுதான் அழியும். கவனிப்பது அக்செப்ட்இன்வாலிடேஷன்மெசேஜஸ் என்ற ஃபங்ஷன். டிரான்சாக்ஷன் தொடக்கத்திலும், ரிலேஷன் லாக் எடுக்கும்போதும் அது அழைக்கப்படும். டிபக்_டிஸ்கார்டு_கேஷஸ் அந்த ஃபங்ஷனுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது: அது அழைக்கப்படும் ஒவ்வொரு முறையும், செய்தி வந்தாலும் வராவிட்டாலும், கேஷைக் காலி செய்யும். உங்கள் நிரலில் க்ளோஸுக்கும் இ-ரிப்போர்ட்டுக்கும் நடுவே லாக் எதுவும் எடுக்கப்படவில்லை. ஆகவே அது இயங்க வாய்ப்பே கிடைக்கவில்லை. ஃபோர்ஸ்_ரிலீஸ் மேக்ரோ யாருக்காகவும் காத்திராது, க்ளோஸிலேயே அழிக்கும்.

இன்றைய நிலையில் யாருக்கும் குப்பைச் செய்தி போயிருக்காது என்பது உண்மை. ஆனால் இதை விட்டுவைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாளை யாராவது அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே இன்னொரு டேபிளைத் திறந்தால் போதும், பிழை உயிர்பெறும். அதுவும் வேறொரு செஷன் அதே நொடியில் அந்த டேபிளைத் தொட்டால் மட்டும் வரும். அதைவிட மோசம், அசெர்ட் இல்லாத பில்டில் துடைப்பு கிடையாது. விடுவித்த துண்டில் வேறொரு டேபிளின் பதிவு வந்து உட்கார்ந்தால், பார்க்க ஒழுங்காக இருக்கும் தவறான பெயர் அச்சாகும். அதை நம்பி ஒருவர் வேறு பார்ட்டிஷனைப் போய்ப் பார்த்துக்கொண்டிருப்பார். பில்ட்ஃபார்ம் என்ற தானியங்கிச் சோதனைக் கணினிகளின் கூட்டத்தில் ப்ரையான் என்ற கணினி இந்த இரண்டு ஃபோர்ஸ்_ரிலீஸ் மேக்ரோக்களோடும் ஓடுவது இதற்காகத்தான். கமிட் ஆனபின் அது சிவப்பாவதைவிட இப்போதே தெரிந்தது நல்லது.

சோதனை எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதே டிரான்சாக்ஷனில் உருவாக்கிய டேபிளை இந்த மேக்ரோ அழிக்காது, அந்தப் பதிவில் கேட்டலாகில் (டேபிள் விவரங்கள் பதிவாகும் சிஸ்டம் டேபிள்கள்) இல்லாத தகவல் இருப்பதால் தாட்சண்யம் காட்டும். சோதனையை பிகின், ரோல்பேக் நடுவே வைத்து, உள்ளேயே டேபிளை உருவாக்கினால் பிழை ஒளிந்துகொள்ளும். டேபிளைத் தனியாக உருவாக்கி, ஆல்டரைத் தனியாக ஓட்டுங்கள்.

சிஸ்கேஷிலும் (கேட்டலாக் வரிசைகளின் கேஷ்) இதே கதைதான். சர்ச்சிஸ்கேஷ்1 தந்த டப்பிளிலிருந்து (டேபிளின் ஒரு வரிசை) நேம்எஸ்டிஆர் எடுத்து, ரிலீஸ்சிஸ்கேஷ் செய்தபின் அந்தப் பெயரைப் பயன்படுத்துவது. அதைப் பிடிக்கத்தான் கேட்கேஷ்_ஃபோர்ஸ்_ரிலீஸ்.

பதில் 3

க்ளோஸை நகர்த்த முடியாத இடங்களும் உண்டு. லூப்பில் பல பார்ட்டிஷன்களைத் திறந்து மூடி, எல்லாம் முடிந்தபின் ஒரே செய்தியில் சொல்லவேண்டும் என்றால், ஒவ்வொரு பெயரையும் பி-ஸ்டர்டப் செய்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த மெமரி கான்டெக்ஸ்டில் நிற்கிறீர்கள் என்று பார்த்துச் செய்யவேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் ரீசெட் ஆகும் கான்டெக்ஸ்டில் நகலெடுத்தால் அதுவும் 7எஃப் ஆகி நிற்கும். டேபிளின் அடையாள எண்ணான ஓஐடி மட்டும் கையில் இருந்தால் கெட்_ரெல்_நேம் போதும், அது நகலையே தரும். ஆனால் டேபிளின்மேல் லாக் இல்லாத இடத்தில், நடுவே யாராவது டிராப் செய்திருந்தால் நல் (NULL) திரும்பும், அதைச் சோதிக்காமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

டேபிள்_க்ளோஸின் இரண்டாவது ஆர்கியுமென்டையும் பாருங்கள். அங்கே லாக் மோட் கொடுத்தால் லாக் அப்போதே விடுபடும். நோலாக் கொடுத்தால் டிரான்சாக்ஷன் முடியும்வரை நிற்கும். ஆல்டர் டேபிள் பாதையில் பெரும்பாலும் நோலாக்தான் சரி.

பழைய கிளைகள் பற்றிக் கேட்டீர்கள். போகாது. நீங்கள் செய்வது செய்தியில் புதுத் தகவல் சேர்ப்பது, ஆகவே மாஸ்டருக்கு மட்டும். நிலைத்த கிளைகளில் செய்தி வாசகத்தை மாற்றினால் ஏற்கெனவே மொழிபெயர்த்த சரங்கள் பொருந்தாமல் போய், அந்த மொழிப் பயனர்களுக்குத் திடீரென ஆங்கிலச் செய்தி வரும். தவறான பெயர் அச்சாகிறது என்றாலோ பேக்கெண்ட் விழுகிறது என்றாலோ கதை வேறு. அது பிழைத்திருத்தம், பாதிக்கப்பட்ட, ஆதரவில் உள்ள எல்லாக் கிளைகளுக்கும் கமிட்டர் கொண்டுபோவார். ஒரு மேஜர் பதிப்புக்கு 5 ஆண்டு ஆதரவு. மைனர் வெளியீடுகள் வழக்கமாக பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பரில் வரும்.

அப்படிப் பழைய கிளைக்கும் போகும் திருத்தம் எழுதினால் மூல நிரல் அளவிலான ஒப்பந்தம் (API) அல்ல, ஏற்கெனவே கம்பைல் ஆன நிரல்களுக்கு இடையிலான பைனரி ஒப்பந்தம் (ABI) முக்கியம். வெளியே தெரியும் ஃபங்ஷனின் ஆர்கியுமென்டுகளை மாற்றக்கூடாது, நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்கள்) பயன்படுத்தும் ஸ்ட்ரக்டின் அளவை மாற்றக்கூடாது. 2024 நவம்பர் 14 அன்று வந்த 17.1 வெளியீட்டிலும் அதோடு வந்த மற்ற கிளைகளிலும் ரிசல்ட்ரெல்இன்ஃபோ ஸ்ட்ரக்டின் நீளம் கூடியது. முந்தைய ஹெட்டரோடு கம்பைல் ஆன சில நீட்சிகளுக்கு அது ஒத்துவரவில்லை. அடுத்த வாரமே, நவம்பர் 21இல், அட்டவணையில் இல்லாத 17.2 வெளியிட்டுச் சரிசெய்தார்கள். கடைசியில் ஒரு ஃபீல்டு சேர்ப்பது பாதுகாப்பானது என்று தோன்றும். அந்த ஸ்ட்ரக்டை அர்ரேயாக ஒதுக்கும் நிரல் எங்காவது இருந்தால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

பேட்சை அனுப்புமுன்: புதிய சோதனையை, தொடர்புள்ள ஏற்கெனவே இருக்கும் எஸ்க்யூஎல் கோப்பிலேயே சேருங்கள், இரண்டு கூற்றுக்குத் தனிக் கோப்பு வேண்டாம். ரிசல்ட்ஸ் அடைவில் வந்த வெளியீட்டை வரிவரியாகப் படித்தபின்தான், சரியான விடைகள் இருக்கும் எக்ஸ்பெக்டெட் அடைவுக்கு நகலெடுக்கவேண்டும். படிக்காமல் நகலெடுத்தால் அந்த 7எஃப் வரியே சரியான விடையாகப் பதிவாகிவிடும். ஒரு கோப்பை மட்டும் ஓட்ட ரெக்ரஸ் அடைவில் மேக் செக்-டெஸ்ட்ஸ் கொடுத்து, டெஸ்ட்ஸ் மாறியில் முதலில் டெஸ்ட்_செட்டப், பிறகு உங்கள் கோப்பின் பெயர் எழுதுங்கள். டிபக்_டிஸ்கார்டு_கேஷஸோடு முழுத் தொகுப்பையும் ஓட்டினால் மணிக்கணக்கில் இழுக்கும். தேவையான கூற்றுகளுக்கு முன்னும் பின்னும் செட் கொடுப்பதே நடைமுறை. இறுதியாக மேக் செக்-வேர்ல்ட் (எல்லாச் சோதனைகளும்), பிஜிஇண்டென்ட் (நிரலின் வடிவத்தை ஒழுங்குபடுத்த), கிட் ஃபார்மேட்-பேட்ச் (பேட்ச் கோப்பை உருவாக்க). இரண்டாம் முறை அனுப்பும்போது மைனஸ் வி2 கொடுங்கள், எது புதியது என்று பார்ப்பவருக்குக் குழப்பம் வராது.

கேள்வி கேட்டவர்

க்ளோஸ் வரியை எடுத்துவிட்டேன், சோதனையையும் பிகினுக்கு வெளியே கொண்டுவந்தேன். இரண்டு ஃபோர்ஸ்_ரிலீஸ் மேக்ரோக்களோடும் தேறுகிறது. சந்தேகத்துக்குப் பழைய வரியைத் திரும்பப் போட்டு ஓட்டினேன், அதே இடத்தில் விழுகிறது, ஆக சோதனை சரியான இடத்தைத்தான் பிடிக்கிறது. அதே கோப்பில் க்ளோஸுக்கு அடுத்து இ-ரிப்போர்ட் வரும் இடங்கள் வேறு உண்டா என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

பதில் 1

தேடும்போது டேபிள்_க்ளோஸோடு ரிலேஷன்_க்ளோஸ், இன்டெக்ஸ்_க்ளோஸ் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் மட்டுமல்ல, ஆர்டி_அட் எனப்படும் டப்பிள் டிஸ்கிரிப்டரை (டேபிளின் நெடுவரிசைகள் பற்றிய விவரம்) க்ளோஸுக்குப் பிறகு தொடும் வரிகளும் இதே வகைதான். ஏதாவது கிடைத்தால் இந்தப் பேட்சோடு கலக்காமல் தனியாக அனுப்புங்கள். அவை பழைய கிளைகளுக்கும் போகவேண்டியவையாக இருக்கலாம்.