கொலோன்ல குண்டு எடுத்த அன்னைக்கு நம்ம குடும்ப குரூப்ல

4 ஜூன் 2025, புதன்

11:48 பிரவீன்: அம்மா நியூஸ் பாத்துட்டு பயப்படாத. இங்க ஜெர்மனியில கொலோன்ல டாய்ட்ஸ் ஏரியா பக்கம் ரெண்டாம் உலகப்போர் குண்டு மூணு கிடைச்சிருக்கு, அமெரிக்காக்காரன் போட்டது. சுத்தி 1000 மீட்டருக்கு எல்லாரையும் வெளிய அனுப்புறாங்க, 20,000 பேருக்கு மேல. நான் பாஸ்போர்ட், லேப்டாப் எடுத்துட்டு ஃப்ரெண்டு வீட்டுக்கு வந்துட்டேன்

11:50 செல்வி: ஐயோ முருகா. 80 வருசம் மண்ணுக்குள்ள கிடந்த குண்டு இன்னுமா வெடிக்கும்

11:51 நித்யா: பட்டாளத்துல இருந்த பெரியப்பாவைத்தான் கேக்கணும் சித்தி. பெரியப்பா எங்க இருக்கீங்க

12:10 பெரியப்பா: இப்பதான் பாத்தேன். பிரவீன், முதல்ல ஒண்ணு சொல்லு, என்ன ஃபியூஸ்னு நியூஸ்ல போட்டிருக்கானா

12:12 பிரவீன்: கீழ மோதினா வெடிக்கிற ஃபியூஸ்னு போட்டிருக்கு பெரியப்பா, மூணுமே

12:13 பெரியப்பா: அப்ப சரி. செல்வி, மனசைத் தேத்திக்கம்மா. அது நல்ல சேதி

12:14 நித்யா: ஃபியூஸ்னா வீட்டுல கரண்ட் போனா மாத்துவோமே அதா

12:21 பெரியப்பா: இல்லடா கண்ணு. குண்டுக்குள்ள இருக்கிற மருந்து சும்மா போட்டா வெடிக்காது, அதை எப்ப வெடிக்கணும்னு சொல்றது ஃபியூஸ்தான், உள்ளங்கைக்குள்ள அடங்குற சாமான். பிளேன்ல இருக்கும்போது வெடிச்சிரக் கூடாதுல்ல, அதனால ஒரு குட்டி காத்தாடி வச்சிருப்பான், விழும்போது காத்துல சுத்தி சுத்தி கழண்டாத்தான் ஃபியூஸ் ரெடி ஆகும். கீழ மோதின வேகத்துல ஊசி போய் குத்தும். அது குத்தாம நின்னு போனதுதான் உங்க ஊர்ல கிடைச்சிருக்கிறது. யாரும் அசைக்காத வரைக்கும் பெரும்பாலும் சும்மா கிடக்கும். எனக்கு பயம் இன்னொரு சாதி ஃபியூஸ்

12:22 பிரவீன்: லேட்டா வெடிக்கிறதா

12:31 பெரியப்பா: ஆமாப்பா. நித்யா, உன் நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணி இருக்கே, அதுல இருக்கிறது அசிட்டோன். பழைய பிங்பாங் பந்து செல்லுலாய்டு. பந்து மேல அசிட்டோனை ஊத்தினா இளகிக் கரைஞ்சிரும். அவ்வளவுதான் விஷயம். ஊசியை ஒரு செல்லுலாய்டு தகடு இழுத்துப் பிடிச்சிருக்கும், பக்கத்துல கண்ணாடிக் குப்பியில அசிட்டோன். குப்பி உடைஞ்சு தகட்டை நனைச்சு, அது கரைஞ்சதும் ஸ்பிரிங் ஊசியைத் தள்ளும். தகடு தடிமனைப் பொறுத்து 1 மணி நேரத்துல இருந்து 144 மணி நேரம் வரைக்கும் தள்ளிப் போடலாம். குண்டு போட்டு முடிஞ்சுதுன்னு ஜனங்க வெளிய வந்து தீ அணைக்கும்போது வெடிக்கணும், அதுக்குன்னே செஞ்சது. இதை நினைச்சா இப்பவும் எனக்கு வயிறு எரியுது

12:33 செல்வி: கொடுமை அத்தான்

12:40 பெரியப்பா: பெர்லின் பக்கத்துல ஓரானியன்பர்க்னு ஒரு ஊரு. 1945 மார்ச் 15ல அமெரிக்கன் பிளேன் 600க்கு மேல வந்து 1,500 டன் போல கொட்டினான், அதுல நிறைய இந்த வகை. அந்த ஊர் மண்ணு மேல லேசு, கீழ ஜல்லி. குண்டு உள்ள போய் ஜல்லியில மோதித் திரும்பி மூக்கு மேலயும் வாலு கீழயுமா நின்னுருச்சு. ஃபியூஸ் வாலுலதான் இருக்கு, அசிட்டோன் தகட்டை விட்டு விலகி கீழ வடிஞ்சிருச்சு, வெறும் ஆவி மட்டும்தான் தகட்டுல பட்டுச்சு. அந்தத் தகடு வயசாகி தானா உளுத்துப் போகும். யாரும் தொடாமலே அங்க குண்டு வெடிச்சிருக்கு. 2010 ஜூன் 1ல கோட்டிங்கன்ல இப்படி ஒண்ணை எடுக்கத் தயாராகிட்டு இருந்த மூணு பேர் செத்தாங்க, வேலை ஆரம்பிக்கவே இல்ல

12:42 நித்யா: ஜெர்மன்காரங்களும் இப்படி வச்சாங்களா பெரியப்பா

12:56 பெரியப்பா: அவங்க இன்னும் மோசம். 1940ல லண்டன் மேல போட்டதுல எலக்ட்ரிக் ஃபியூஸ். தலையில வட்டம் போட்டு நம்பர் குத்தியிருப்பான். 17னா உள்ள கடிகாரம், 72 மணி நேரம் வரைக்கும் ஓடும், காதுல ஸ்டெதஸ்கோப் வச்சுக் கேப்பாங்க. 50னா லேசா அசைச்சாலே போச்சு. 17க்கு அடியில இன்னொரு பொறி வச்சான், மேல இருக்கிறதை உருவினா கீழ இருக்கிறது வெடிக்கும். யோசிச்சுப் பாரு, அது ஊரை அழிக்க இல்ல, அதை எடுக்க வர்ற ஒருத்தனைக் கொல்ல. 1943 ஜனவரியில இன்னொண்ணு, வெளிய 25ன்னு சாதாரண நம்பர், உள்ள பேட்டரியும் பாதரசமும், கொஞ்சம் திருப்பினா வெடி. அதுக்கு வழி கண்டுபிடிச்சது ஜான் ஹட்சன்னு ஒரு மேஜர், தோட்டக்கலை படிச்ச மனுஷன். ஃபியூஸைச் சுத்தி களிமண்ணுல வரப்பு கட்டி திரவ ஆக்சிஜனை ஊத்தினார், குளிர்ல பேட்டரி செத்துப் போச்சு, இரும்பு மேல வெள்ளையா பனி படியுற வரைக்கும் ஊத்திக்கிட்டே இருக்கணும்

13:02 பெரியப்பா: அதே லண்டன்ல குண்டு எடுக்கிற வேலை பாத்த சஃபோக் பிரபுன்னு ஒருத்தர், கூடவே செக்ரட்டரி பெரில் மார்டன், டிரைவர் ஃப்ரெட் ஹார்ட்ஸ். அவர் ஒவ்வொரு திருகா கழட்டிச் சொல்லச் சொல்ல அந்தம்மா எழுதிக்கிட்டே வருவாங்க, தான் செத்தாலும் அடுத்தவனுக்கு எங்க தப்புன்னு தெரியணும்ல. 1941 மே 12ல மூணு பேரும் ஒரே குண்டுல போயிட்டாங்க. அவருக்கு ஜார்ஜ் கிராஸ்னு பிரிட்டனோட பெரிய வீர விருது கொடுத்தாங்க. எங்க மெட்ராஸ் சாப்பர்ஸ், அதான் பட்டாளத்து இன்ஜினியர் படை, அதுல சுபேதார் சுப்ரமணியனுக்கும் அதே விருதுதான், 1944ல இத்தாலியில கண்ணிவெடி மேல விழுந்து கூட இருந்தவங்களைக் காப்பாத்தினார். பட்டாளத்துல சேர்ந்த முதல் வாரமே அவரைப் பத்தி எங்களுக்குச் சொன்னாங்க

13:05 நித்யா: அந்த செக்ரட்டரி கூடவே நின்னு எழுதினாங்களா 😢

13:06 பெரியப்பா: கூடவேதான்மா

22:20 செல்வி: பிரவீன் என்னாச்சுப்பா, நான் இன்னும் தூங்கல

22:24 பிரவீன்: இன்னும் முடியலம்மா. பழைய டவுன்ல ஒருத்தர் வீட்டை விட்டு வரமாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சாராம், அதுல லேட்டாயிருச்சு

22:26 பெரியப்பா: தப்புப்பா. குண்டு பக்கத்துல போறவன் உயிரைக் கையில பிடிச்சிட்டு காத்துக்கிட்டு நிக்கிறான்

22:58 பிரவீன்: எடுத்துட்டாங்க!! மூணும் எடுத்தாச்சாம்

22:59 செல்வி: முருகா 🙏 நாளைக்கு கோயிலுக்குப் போறேன்

23:03 பெரியப்பா: ஃபியூஸைத் தனியா கொண்டுபோய் வெடிக்க வைப்பாங்க, சின்னதா ஒரு சத்தம்தான். கேட்டுச்சா பிரவீன்

23:06 பிரவீன்: கேக்கல பெரியப்பா. வீட்டுக்கு நடந்துட்டு இருக்கேன், பாலத்துல ட்ரெயின் விட்டுட்டாங்க, அந்தச் சத்தம்தான் கேக்குது